சனிக்கிழமைப் பந்தல்

பிறந்தநாள் விருந்து என்றால் முதலில் இலைக் கணக்குப் போட வேண்டும். பலர் அரிசியில் ஆரம்பித்துக் கோட்டை விடுவார்கள். எத்தனை இலை என்று தெரிந்தால் அரிசி தெரியும், அரிசி தெரிந்தால் விறகு தெரியும், விறகு தெரிந்தால் சமையல்காரன் எவ்வளவு பொய் சொல்கிறான் என்பதும் தெரிந்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பையன் எப்போது போனான், ஏன் போனான் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன், இன்ஸ்பெக்டர். காபியைக் குடியுங்கள், ஆறினால் நன்றாக இருக்காது. என் கணவர் ரத்தினசாமி கொடுத்த புகாரில், எங்கள் மகன் கந்தவேலை யாரோ ஆசை காட்டி அழைத்துப் போய்விட்டதாக எழுதியிருப்பார். அவர் பனியன் கம்பெனி நடத்துகிறவர். நூல் என்ன விலை, கல்கத்தாவில் எந்தச் சரக்குக்குக் கிராக்கி என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டுக்குள் நடப்பது எட்டு நாள் கழித்துத்தான் அவருக்கு எட்டும். இந்த விஷயம் பதினாலு வருடமாகியும் எட்டவில்லை.

கந்தவேல் நான் பெற்ற பிள்ளை இல்லை. அது திருப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அதை நம்பித் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். முறுக்குக் கடைக்காரன்தான் வளர்ந்தான்.

அப்போது கம்பெனியில் கழிவுத் துணியைத் தரம் பிரிக்க நாலைந்து பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி வேலாத்தாள், சாமளாபுரத்துக்காரி. புருஷன் பழனிமுத்து தறி நெய்கிறவன். அவளுக்குப் பிள்ளை பிறக்கும், தங்காது. முதல் இரண்டும் ஒரு வயது முடிவதற்குள் இழுப்பு வந்து போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த பையனைப் பதினோராம் நாள் முறத்தில் படுக்கவைத்து எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் வேலை செய்த ரங்காத்தாளும் உடன் வந்தாள்.

தவிட்டுக்கு வாங்குவது உங்கள் பக்கத்திலும் இருக்கும். பிள்ளை தங்காதவள், பிறந்ததை இன்னொருத்திக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவாள். இது அவள் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று ஆகிவிட்டால் எமன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்று நம்பிக்கை. பிறகு அரிசி கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் விற்ற நாழிகையிலேயே பிள்ளை தாய் மடிக்கு வந்துவிடும், விற்பனையெல்லாம் வாய்ப்பேச்சுக்குத்தான். வேலாத்தாளுக்குத் தன் வீட்டின் மேலேயே பயம்.

"வருசம் ஒண்ணு முடியற வரைக்கும் உங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்கம்மா. எங்கூட்டு நெழலு அதுகளுக்கு ஆகறதில்லீங்க" என்றாள். "வருசம் முடிஞ்ச அன்னைக்கு, அவன் நட்சத்திரத்தன்னைக்கே, அரிசியோட வந்து மீட்டுக்கறனுங்க."

நான் ஒரு படி தவிடு அளந்து கொடுத்தேன். தலை தட்டித்தான் அளந்தேன்.

அவள் செய்த பிசகு ஒன்று உண்டு. நிறையப் பெற்றவளிடம்தான் தவிட்டுக்குக் கொடுக்க வேண்டும். அவளுக்கு மடி நிறைந்திருக்கும், திருப்பிக் கொடுக்க மனம் கூசாது. வேலாத்தாள் என்னிடம் வந்தாள். பாவம், இவளும் ஒரு வருடம் கொஞ்சட்டுமே என்று என்மேல் இரக்கப்பட்டாள். ரங்காத்தாள் அப்போதே அவளைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னாள், அவள் தலையை ஆட்டிவிட்டு முறத்தை என் கையில் வைத்தாள். மலடியிடம் பிள்ளையை அடமானம் வைத்தவள்மேல் குற்றமில்லையா என்று நான் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை.

முதல் மூன்று மாதம் அவள் தினமும் வந்து பால் கொடுத்தாள். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து கொடுப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். நாலாம் மாதம் அவளிடம் நிதானமாகச் சொன்னேன்: "நீ வந்து வந்து போனா எமனுக்கு அடையாளம் தெரிஞ்சுரும் வேலாத்தா. அப்பறம் எம்மேல பழி சொல்லாத." அடுத்த நாள் அவள் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதன்பிறகு வேலைக்கே வரவில்லை. பிள்ளைக்கு மாட்டுப்பால் பிடித்துக்கொண்டது.

ஒன்பதாம் மாதம் அவன் என்னை அம்மா என்றான். எனக்கு அவன் வேண்டும். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தத் தொட்டிலைக் கழற்றிப் பரணில் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

கணவரிடம், வேலாத்தாள் பிள்ளையை நமக்கே விட்டுவிட்டாள், வாயால் சொல்லிவிட்டாள் என்றேன். அவர் நம்பினார். கல்கத்தா ஏஜெண்ட் வீட்டில் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியதைப் பார்த்து வந்தவர், நாமும் வெட்டுவோம் என்றார். திருப்பூரில் அப்போது அது புதுசு. ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துக் காட்டு என்று ஒரு கணக்கு நோட்டை என் கையில் கொடுத்தார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, மாசி மாதம்.

அவன் நட்சத்திரம் சனிக்கிழமை வந்தது. கம்பெனி விடுமுறை ஞாயிறு என்பதால் விருந்து ஞாயிற்றுக்கிழமை. இருநூற்று எண்பது இலை. சமையலுக்கு முப்பது ரூபாய் கேட்டவனை இருபத்திரண்டுக்கு இறக்கினேன். கேக் கோயமுத்தூரிலிருந்து ரயிலில் வர வேண்டும், மூன்று தட்டுக் கேக் வேண்டாம் இரண்டு தட்டுப் போதும் என்றேன். ஊதுகிற பலூன் நாலு டஜன். வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பனியன், அது நம் சரக்கு. எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே வந்தவள் ஒன்றை மட்டும் கூட்டினேன். பந்தலை வெள்ளிக்கிழமை சாயங்காலமே போட்டுவிடச் சொன்னேன்.

கணவர் நோட்டைப் பார்த்தார். "சனிக்கெழம சாயங்காலம் போட்டாப் பத்தாதா? ஒரு நாள் வாடகை ஏழு ரூபா தெண்டமல்லோ" என்றார்.

"காத்து மழை வந்துட்டா?"

"மாசி மாசத்துலயா?" என்று சிரித்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். நான் அவரிடம் அதிகம் கேட்பவள் இல்லை.

வாழைமரமும் மாவிலைத் தோரணமும் ஞாயிறு காலையில் கட்டினால் போதும், முன்கூட்டியே கட்டினால் வாடிவிடும் என்று சொன்னேன். ரேடியோ செட்டுக்காரன் சனிக்கிழமையே ஸ்பீக்கர் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுகிறேன் என்றான். ஒரு நாள் கூலி மிச்சம், ஞாயிறு வா என்றேன். பலூனையும் வண்ணக் காகிதத்தையும் உள் அறையில் வைத்துப் பூட்டினேன். சனிக்கிழமை காலை கணவரையும் பிள்ளையையும் அவிநாசிக்கு அனுப்பினேன். நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, பிறகு அங்கே என் அக்கா வீட்டில் சாப்பாடு, வெயில் தாழ்ந்து வந்தால் போதும். ரங்காத்தாளை இலை வாங்கச் சந்தைக்கு அனுப்பினேன்.

இதையெல்லாம் சிக்கனம் என்ற தலைப்பில்தான் நோட்டில் எழுதியிருந்தேன். நீங்கள் யோசித்துப் பாருங்கள். வாசலில் கீற்றுப் பந்தல் நிற்கிறது. வாழைமரம் இல்லை, தோரணம் இல்லை, பாட்டு இல்லை. அடியில் வரிசையாக வெறும் பெஞ்சு. பந்தலைக் கல்யாணத்துக்கும் போடுகிறார்கள், சாவுக்கும் போடுகிறார்கள். வாடகையும் ஒன்றுதான்.

பகல் பதினோரு மணிக்கு வேலாத்தாள் வந்தாள். குளித்து, தலைக்குப் பூ வைத்திருந்தாள். இடுப்பில் ஒரு படி அரிசி மூட்டை. கையில் சின்னதாக ஒரு மஞ்சள் பனியன், கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். எங்கள் கம்பெனிச் சரக்குதான், தையல் கோணிப் போய்க் கழித்த சரக்கு. பந்தலைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டாள். நான் வெளியே வந்து அவள் கையைப் பிடித்து மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். நான் தலை வாரியிருக்கவில்லை. பொட்டையும் அழித்திருந்தேன். அதுவும் யோசித்துச் செய்ததுதான்.

"ஏனுங்கம்மா, பந்தலு..." என்றாள்.

"விடியக் காலம் இழுப்பு வந்துச்சு வேலாத்தா. டாக்டர் வாரதுக்குள்ள போயிட்டான்."

அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்பாள் என நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். இரண்டு பிள்ளையை அதே வயதில் அப்படியே பறிகொடுத்தவள். மூன்றாவதற்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"மொகத்த ஒருக்கா பாத்துக்கறனுங்க" என்றாள்.

"எடுத்தாச்சு. கொழந்தைக்கு வெயிலேற வெச்சிருப்பாங்களா."

அவள் வாயைத் திறந்தாள். அழப்போகிறாள், தெரு கூடிவிடும், யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னேன்: "தவிட்டுக்கு வித்த பிள்ளைக்குப் பெத்தவ அழுவக்கூடாது. அழுதா அடுத்ததும் தங்காது. அரிசியை வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஊட்டுக்குப் போ."

அப்படி ஒரு சாத்திரம் கிடையாது. அந்த நிமிடம் நான் உண்டாக்கியது.

அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அரிசி மூட்டையையும் பனியனையும் கொட்டகைத் திண்டில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். அடுத்த பிள்ளையாவது தங்க வேண்டும் என்ற நம்பிக்கை அப்போதுகூட இருந்திருக்கிறது. சந்தையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்ட ரங்காத்தாள், இலைக்கட்டைத் தலையில் வைத்தபடி கொட்டகைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. எல்லாம் கேட்டிருப்பாள்.

வேலாத்தாள் பஸ் ஏறவில்லை. மங்கலம் வழியாக நடந்தே சாமளாபுரம் போயிருக்கிறாள். புருஷனிடம் மூன்றாவதும் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனவள் கால் தவறி விழுந்தாள் என்று உங்கள் ஆட்கள் அப்போது எழுதினார்கள்.

எனக்கு அது தெரிந்தது ஞாயிறு காலையில். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாமளாபுரத்திலிருந்து வந்த ஓர் ஆள் சொல்லிவிட்டுப் போனான். விருந்தை நிறுத்தலாமா என்று கணவர் கேட்டார். இருநூற்றைம்பது பேரைக் கூப்பிட்டாயிற்று, கேக் ரயிலில் வந்து இறங்கிவிட்டது, பிள்ளைக்கு முதல் பிறந்தநாளில் தடை வரக்கூடாது என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி ஒரு படி குறைகிறது என்று சமையல்காரன் வந்து நின்றான். கொட்டகைத் திண்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொங்கலில் முதல் வாயைக் கந்தவேலுக்கு ஊட்டினேன். நானூற்று எழுபத்தாறு ரூபாயில் விருந்து முடிந்தது.

ரங்காத்தாள் மட்டும் இலையில் உட்காரவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் என்னிடம் வந்து, "பொய்ப் பொணமின்னாலும் சனிப் பொணம் தனியாப் போவாதுங்கம்மா" என்றாள். அந்த வாரமே வேலையை விட்டு மங்கலத்துக்குப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் பழனிமுத்து வந்தான். தாடியோடு வாசலில் நின்றவன், தொட்டிலில் பிள்ளையைப் பார்த்தான். செத்துப்போனதாக மனைவி சொன்ன பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "உம்பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாட்ட இருக்குது" என்றேன். இரண்டு விசைத்தறி வாங்கிக் கொடுத்தேன், பிள்ளையைத் தத்துக் கொடுத்ததாகக் கைநாட்டு வைத்தான். வைத்துவிட்டு மையைத் தலையில் துடைத்துக்கொண்டு போனான். தாயில்லாப் பிள்ளையை எடுத்து வளர்க்கிற புண்ணியவதி என்று ஊர் என்னைச் சொன்னது, கந்தவேலும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தான். நான் மறுக்கவில்லை.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளுக்குப் பந்தல் போட்டேன், ஒவ்வொரு வருடமும் அவள் வந்தாள். கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். முந்தானை வாய்க்குள் இருக்கும். அழமாட்டாள். அழுதால் அடுத்தது தங்காது என்று நான்தானே சொன்னேன். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். பந்தி முடிந்ததும் நான் எச்சில் இலையை எண்ணுவேன், சமையல்காரனை மடக்க அது ஒரு வழி. எப்போதும் ஓர் இலை தண்ணீர் தெளித்து, பரிமாறி, தொடாமல் இருக்கும். யாருக்கு வைத்தாய் என்று கேட்டால், அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்களே என்பான் பரிமாறுகிறவன். ஆளை மாற்றினேன். இலை மாறவில்லை.

சனிக்கிழமைகளில் பிள்ளையை வெளியே விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு வைத்தால் காய்ச்சல் என்று எழுதிக் கொடுப்பேன். கிணற்றடிக்கு விடமாட்டேன், நொய்யலில் குளிக்க விடமாட்டேன். அவனுக்கு இன்னும் நீச்சல் தெரியாது. போன வருடம் விருந்தில் அவன் என் பக்கத்தில் வந்து, "கடைசி பெஞ்சுல முந்தானையைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறது யாருங்கம்மா? ஏன் சாப்படாம என்னையே பாக்கறாங்க?" என்றான். அங்கே யாருமில்லை கண்ணு என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். அவளைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். காலை ஒன்பது மணி. நானும் கந்தவேலும் முன்னறையில் இருந்தோம், வரப்போகிற பிறந்தநாளுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று அவனை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. ரங்காத்தாள் படியில் வந்து நின்றாள். தலை முழுதும் நரைத்திருந்தது. என்னைக் கும்பிட்டாள்.

"பழனிமுத்து நேத்துத் தவறிட்டானுங்கம்மா. வேற வாரிசு கெடையாது. பெத்தவனுக்குக் கொள்ளி வெக்க மகன் வரோணுமுங்க. காத்துட்டிருக்கறாங்க."

பதினாலு வருடமாக எந்த வார்த்தை எங்கே சொல்ல வேண்டும் என்று அளந்து பேசியவள் நான். அன்று அளவு தப்பிவிட்டது. அவனை அனுப்பக்கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. எழுந்து போய்ச் சொன்னேன்: "வேலாத்தா மகன் செத்துப் பதினாலு வருசமாச்சு. நாந்தான் அன்னைக்கே அவகிட்டச் சொன்னனே, நீயுந்தான் கேட்டயே."

ரங்காத்தாள் எனக்குப் பின்னால் பார்த்தாள். பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

அவன் சத்தம் போடவில்லை. இந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. "எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். எங்கம்மா என்றான். அவன் கேட்டால் நான் எதையும் மறுத்ததில்லை. உங்களிடம் சொன்ன இதே வரிசையில், பந்தல் வாடகையிலிருந்து பொங்கல் அரிசிவரை அவனிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு வாசலுக்குப் போனான், தொண்டைக்குள் விரலை விட்டு, காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு ரங்காத்தாளோடு நடந்து போனான். அவனை யாரும் கடத்தவில்லை. சாமளாபுரத்தில் பழனிமுத்து வீட்டில் இருக்கிறான். மொட்டை அடித்திருக்கிறார்களாம்.

தேடிப் போன எங்கள் டிரைவரிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்த அம்மாவுக்குப் பிள்ளை செத்துப்போச்சுன்னு போய்ச் சொல்லுங்க, பந்தல் போட்டுக்கட்டும் என்றானாம். சின்னப் பையன், கோபத்தில் பேசுகிறான். ஒரு தாய்க்கு எந்தச் செய்தியைச் சொல்லி அனுப்பக்கூடாது என்பது அந்த வயதில் எங்கே தெரியும்.

எழுதியாயிற்றா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். வேலாத்தாளைக் கிணற்றில் தள்ளியது நான்தான், கை படாமல் தள்ளினேன், அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவளிடம் நான் சொன்னது முழுப் பொய் என்று எழுதாதீர்கள். அவள் பிள்ளை அந்தச் சனிக்கிழமையே போய்விட்டான். சாமளாபுரத்தில் இருப்பது என் பிள்ளை. அடுத்தவர் வீட்டுச் சோறு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, பசித்தால் வந்துவிடுவான்.